திறந்து பார்த்தால்தான்

உள்துறைமுக வீதிப் பட்டறையில்
பதினெட்டு வருசமாய் நான் சொல்லிவந்த வசனம்:
"திறந்து பார்த்தால்தான் தெரியும் அண்ணை."
நடுக்கடலில் நின்றுபோன
நாற்பது குதிரைவலு என்ஜினைச் சாக்கில் கிடத்தி
எவ்வளவு முடியும் என்று கேட்பவர்களுக்கு.

கொழும்பில், நாலாம் மாடியில்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி
டொக்டர் அதையே சொன்னார்.
சிங்களம் கலந்த தமிழ். வசனம் என்னுடையது.

ஓட்டை ஒன்றுதான் என்றால் ஒரு விலை.
அடைத்துத் தைத்தால் ஆறாம் நாள் வீடு.
யதுசனாவுக்கு ஓட்டை அல்ல.
இரண்டு பம்ப் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று.
மூன்று தவணையாய்ச் செய்யவேணும்:
இப்போது, ஆறு மாதத்தில்,
பிறகு பள்ளிக்கூடம் போக முதல்.
பம்ப் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது.
விளங்காமல் இருந்திருக்கலாம்.

அரச ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை.
கட்டில்தான் இல்லை. "அடுத்த மாதம் பாப்பம்" என்றார்கள்.
பல் முளைக்காத பிள்ளை
நாவற்பழம் தின்ற வாயோடு கிடந்தாள்.

கணக்குப் பகுதியில் ஒரு தாள் தந்தார்கள்.
கத்திக்குத்தான் காசு என்று நினைத்திருந்தேன்.
கத்திக்குக் குறைவு.
இரத்தத்தை வெளியே ஓடவிடும் மெஷினுக்கு அதைவிடக் கூட.
கடைசியில் ஒரு வரி:
தீவிர சிகிச்சை, நாளுக்கு இவ்வளவு, பெருக்கல்
புள்ளிக்கோடு.
எத்தனை நாள் தங்கச்சி?
"அது பிள்ளையைப் பொறுத்தது."

கடைசல் மெஷின் போனது.
மச்சானின் வள்ளத்தில் என் அரைப்பங்கும்.

மூன்றாம் நாள் நுரையீரலில் நீர்.
ஒன்பதாம் நாள் சுவாசக்குழாயைக் கழற்றி
அன்றிரவே திரும்பப் பூட்டினார்கள்.
காலையில் கண்ணாடிக்கு அப்பால்
அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பேன்.
இருக்கிறாள்.
அதே மூச்சில் பெருக்குவேன்.
இதை விமலறஞ்சிக்கு நான் சொல்லவில்லை.
அவளும் பெருக்கினாளோ, கேட்கவில்லை.

புள்ளிக்கோட்டின்மேல் பச்சை மையில்
இருபத்திமூன்று.

இரவு பஸ் ஹபரணையில் தேத்தண்ணிக்கு நின்றபோது
பிள்ளையோடு இறங்கப் பயந்து
நாங்கள் உள்ளேயே இருந்தோம்.

போன கிழமை கிண்ணியாவிலிருந்து நசுறுதீன் நானா
பிஸ்டன் பிடித்த என்ஜினோடு வந்தார்.
"எவ்வளவு முடியும் தம்பி?"
வாய்வரை வந்தது அந்த வசனம்.
அவரை இருத்தி,
ஆகக் கெட்டது நடந்தால் இவ்வளவு என்று
முழுத் தொகையையும் எழுதிக் கொடுத்தேன்.
தலையில் கைவைத்தார்.
"நீ இப்படி அடிக்கிற ஆள் இல்லையே" என்றார்.
இதற்குமேல் ஒரு சதமும் வராது நானா என்றேன்.

விமலறஞ்சி பிள்ளைக்கு நகம் வெட்டுகிறாள்.
ஒவ்வொரு விரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.
சிவந்திருக்கிறது, முழுதாய் அல்ல.
ஓரத்தில் நிற்கும் நீலம்
இரண்டாம் தவணைக்கு.