ஏழாம் எண்ணின் வலது பின்கால்

சென்னையிலிருந்து வரும் தெர்மாகோல் பெட்டியை
பக்கிரிசாமிதான் பிரிப்பார்.
ஜெல் பைகள் வியர்த்திருக்கும். அவருக்கு
காலை பத்து மணி வரை விரல் மடங்காது,
உள்ளங்கை இரண்டாலும் அணைத்து எடுத்து
என்னிடம் நீட்டுவார்.

குப்பியில் இருப்பது பார்வைக்குத் தண்ணீர்.
ஒரு பெரிய எலியின் மண்ணீரலில் இருந்து ஒரே ஒரு செல்லை எடுத்து
சாகத் தெரியாத புற்றுச்செல்லோடு சேர்த்துவைத்தார்கள்.
அந்தத் தம்பதியின் வம்சம் முழுக்க
ஒரே வார்த்தைதான் பேசும்.
அந்த வார்த்தை சுண்டெலியின் டிஎன்எஃப்.
வீக்கத்துக்கு ஆள் கூட்டப் போகும் அந்தத் தூதன்
செல்லின் வாசலை எட்டுவதற்குள்
கையைப் பிடித்துக்கொள்ளும், விடாது.

"மதகுல பலகை எறக்குற மாதிரியா?"
தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்காரர்,
வேறு எப்படிக் கேட்பார்.
இல்லண்ணே, பலகை போட்டா வாய்க்காலே நின்னுடும்.
இது தண்ணிக்குள்ள இறங்கி
அத்தனை மீன்ல கெளுத்திய மட்டும் பிடிக்கிறது.
"கெளுத்தி குத்துமே."
குத்தக் கூடாதுன்னுதான் பிடிக்கிறோம்.

இன்னொரு குப்பியும் உண்டு.
அதே எடை, அதே உருவம், ஏறக்குறைய அதே விலை,
ஆனால் யாரையும் அடையாளம் தெரியாதது.
பந்தியில் உட்கார்ந்து
ஒருவரோடும் பேசாமல் சாப்பிட்டுப் போகும்
தூரத்து உறவுக்காரர் மாதிரி.
அவர் இல்லாமல் இந்தக் கல்யாணம் செல்லாது.
எந்த எலிக்கு எது போனது என்பது
மேடத்தின் பூட்டிய இழுப்பறைக்குத்தான் தெரியும்.

முப்பது நாள். தினமும் காலிப்பரைத் திறந்து
இருபது எலிகளின் பின்கால்களை அளந்தேன்.
இரண்டு புள்ளி ஒன்று. மூன்று புள்ளி நான்கு. மூன்று புள்ளி ஆறு.
இடையில் மேட்டூர்த் தண்ணீர் வந்து
வெண்ணாறு செம்மண் நிறத்தில் போனதாம்,
மெஸ்ஸில் சொன்னார்கள்.

பதினெட்டாம் நாள் ஏழாம் எண் எழுந்து நின்று
தண்ணீர்க் குழாயை எட்டிப் பிடித்தது.
முந்தின வாரம் வயிற்றால் நகர்ந்த எலி.
அதற்கு ஒரு பெயர் வைத்தேன்.
வைக்கக் கூடாது. இங்கேயும் சொல்ல மாட்டேன்.

"எனக்கு ஒரு சொட்டு போட்டா என்ன?"
கூண்டு கழுவியபடி கேட்டார்.
லேபிளைப் படித்துக் காட்டினேன்:
ஆய்வுக்கு மட்டும். மனிதருக்கு அல்ல.
"எழுதுனவன் என் கையப் பாத்தானா?"
சட்டம் மட்டும் இல்லண்ணே,
இதுக்கு உங்க ரத்தம் தெரியாத பாஷை.
உள்ள போய் யாரும் கிடைக்காம அலையும்,
கடைசியில உங்க உடம்பே அதைத் துரத்தும்.
உங்க பாஷை பேசுறது திருச்சியில இருக்கு,
ஊசி ஒண்ணு உங்க ரெண்டு மாசச் சம்பளம்.
அவர் கூண்டைக் கவிழ்த்து மரத்தூளைத் தட்டினார்.
கடைசி வரியை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

முப்பத்தோராம் நாள் இழுப்பறை திறந்தது.
மருந்து போன பத்தில் ஒன்பதுக்கு வீக்கம் வடிந்திருந்தது,
நல்ல வரைபடம் வரும்.
ஏழாம் எண் ஒப்பீட்டுக் குழுவில் இருந்தது.
யாரோடும் பேசாத அந்த உறவுக்காரர்தான்
அதன் உடம்புக்குள் போயிருக்கிறார்.
தானாக வீங்கி, தானாக வடிந்திருக்கிறது.
இப்படிச் சிலது நடக்கும் என்று புத்தகத்தில் உண்டு,
ஏன் என்று இல்லை.
மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அழிக்காதே. பிழைக்கோடு நீளட்டும்."

மறுநாள் கரியமில வாயு. இருபதுக்கும்.
ஏழையும் சேர்த்துத்தான்.

கணுக்கால்களை ஃபார்மலினில் போட்டுவிட்டு வந்தால்
பக்கிரிசாமி கையில் காலிப்பர்.
நடுவிரல் மூட்டை அதன் வாய்க்குள் கொடுத்து
"இதையும் எழுதிக்குங்க" என்றார். சிரிக்கவில்லை.
நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
வலது நடுவிரல், இருபத்தாறு புள்ளி இரண்டு.
எண்ணிக்கை ஒன்று.
ஒப்பீட்டுக் குழு இல்லை.
பிறகு தேதி போட்டேன்.