அறுபதுவரை

பகலில் நான் வெள்ளவத்தை மருந்துக் கடையில் நிற்பவன்.
டொக்டர்மாரின் கையெழுத்தையே வாசிப்பவன் என்று
குலேந்தினி என்னைப் பிடித்துக்கொண்டு போனாள்
கொட்டாஞ்சேனை மண்டபத்துக்கு,
மறைவில் இருந்து வசனம் எடுத்துக்கொடுக்க.

மிகப் பழைய நாடகம்.
பகைத்த இரண்டு வீடுகள், ஒரு காதல்,
பிந்திப்போன ஒரு கடிதம்.
செத்தவள்போல அவள் கிடப்பாள்.
அவன் வருவான், நம்புவான், நஞ்சு குடிப்பான்.
பிறகுதான் அவள் கண் திறப்பாள்.
"விதி" என்றாள் குலேந்தினி முதல் ஒத்திகையில்,
பிளேன்டீயை ஊதியபடி.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அது சரியாகப் படவில்லை.
நஞ்சுப் போத்தல் என் கடையில் இருந்துதான் போனது:
இருமல் பாணி முடிந்த வெறும் போத்தல்,
உள்ளே சீனி போடாத தேத்தண்ணீர்.
விதியை நானே கழுவி, வெயிலில் கவிழ்த்து,
துணிப்பையில் சுற்றி
மட்டக்குளி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.

சவுந்தரைப் பார்த்திருக்கிறீர்களா?
ஓடும் பஸ்ஸில் ஏறுவான், நிற்குமுன் குதிப்பான்.
கொத்து ரொட்டி வருமுன்னே காசைக் கொடுத்துவிட்டு
மிச்சத்துக்குச் சண்டை பிடிப்பான்.
அரை மணி முந்தி வந்து
பூட்டிய மண்டபத்துக் கதவை உதைப்பான்.
அந்த வேஷத்துக்கு அவனை யாரும் தெரிவுசெய்யவில்லை;
வேஷம்தான் அவனை மோந்து பிடித்தது.
கடிதம் பிந்தியது உண்மை.
பிந்தாமல் வந்திருந்தால் மட்டும் என்ன,
முதல் வரியோடு குதிரை ஏறியிருப்பான்.

பெர்னதெத் வேறு மாதிரி.
துறைமுகத்தில் கொள்கலன்களுக்குக் கணக்கெழுதுபவள்.
வசனம் கேட்டு எழும்புபவள் அல்ல.
கல்லறைக் கதவு கிறீச்சிட்டதும் தொடங்கி
அறுபதுவரை எண்ணுவாள்,
அறுபதில் கண் திறப்பாள்.
இது எனக்கு மட்டும் தெரியும்.
உதடு அசைவதை மறைவில் இருந்து பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் இரவு, தகரக் கூரையில் மழை.
கதவு கிறீச்சிட்டது.
அவன் மண்டியிட்டான், மூடியைத் திருகினான்,
வசனத்தை மறந்துபோனான்.

கண் என் பக்கம் வந்தது.
எழுபத்திரண்டாம் பக்கம், வரியின்மேல் என் விரல்.
நான் சொல்லவில்லை.

முப்பது இருக்கும் அப்போது. முப்பத்தைந்து.
வசனம் இல்லாமல் யார்தான் சாவார்கள்?
அவன் இப்படியே திகைத்து நிற்கட்டும்,
அவள் எண்ணி முடிக்கட்டும்,
ஒரே ஒரு இரவு இரண்டு பேரும்
அந்த மேடையில் இருந்து நடந்து வீட்டுக்குப் போகட்டும்.
நாற்பத்தெட்டு.
அவளுடைய கால்விரல் அசைந்தது.
மூன்றாவது வரிசையில் ஒரு பெண்
"கொஞ்சம் பொறு தம்பி" என்றாள், வாய்விட்டு.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஐம்பத்தேழில் அவன் குடித்தான்.
ஒரு சொல்லும் இல்லாமல், மடமடவென்று,
தாகம் எடுத்தவன்போல.

அறுபதில் அவள் கண் திறந்தாள்.
ஒன்றுகூட முந்தவில்லை, அவளும்தான்.

குலேந்தினி என்னைத் திட்டித் தீர்த்தாள்.
சவுந்தர் ஒப்பனையைத் துடைத்தபடி சொன்னான்:
"வசனம் வராட்டி என்ன, குடிக்கத்தானே வேணும்."

பஸ் நிறுத்தத்தில் பெர்னதெத் குடையைச் சரித்து
என்னையும் உள்ளே எடுத்தாள்.
"வேணுமெண்டுதானே சொல்லேல்லை?" என்றாள்.
நான் அவள் உதட்டைப் பார்த்தேன்.
அசைகிறதா, எண்ணுகிறாளா,
எண்ணினால் எங்கே நிற்கிறாள் என்று.
என்னிடம் ஒரு வரி இருந்தது.
ஆறு வருடமாக விரல் வைத்திருக்கிற வரி.

வத்தளை பஸ் வந்தது.
அவள் ஏறினாள்.
கொண்டக்டர் "இஸ்ஸரட்ட யன்ன" என்று கத்த
கூட்டத்துக்குள் முன்னே போய் மறைந்தாள்.

நாளைக்கும் நாடகம் இருக்கிறது.
காலையில் கடை திறக்குமுன்
போத்தலைக் கழுவுகிறேன்.
லேபல் பாதி உரிந்திருக்கிறது; மிச்சத்தில்
பாவிக்க முன் நன்றாகக் குலுக்கவும்.