ஜீரோ கேட், இருபத்திரண்டு நிமிடம்

குண்டூரில் மிளகாய் ஏற்றி
கன்டெய்னருக்கு சீல் போட்டபோது மாலை ஐந்தே கால்.
ஓங்கோல் தாண்டி ஒரு டீ,
நெல்லூரில் டயருக்குக் காற்று,
தடாவில் முகம் கழுவல்.
காரனோடை டோல்கேட்டில் சில்லறைக்கு நின்றபோது
விடிய இன்னும் நேரம் இருந்தது.
நானூறு கிலோமீட்டர்.
ஒரு ராத்திரி என்று சொன்னால் போதும்.

மணலி வழியாக வந்து
எண்ணூர் விரைவுச் சாலையில் திரும்பியதும்
ஒரு டிரெய்லரின் முதுகு.
அதற்கு முன்னால் இன்னொரு முதுகு.
சாவியைத் திருகி அணைத்தேன்.
அன்றைக்கு நான் சட்டென்று செய்த கடைசி வேலை அதுதான்.

போனில் இருக்கும் பெண்
ஜீரோ கேட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம் என்றாள்.
பத்து மணிக்கும் அதையே சொன்னாள்.
மதியம் மூன்று நிமிடம் குறைத்துக்கொண்டாள்.
கடலோரக் கருங்கல்மேல் உட்கார்ந்து பல் தேய்த்தோம்.
சங்ககிரி வண்டிக்காரர் சட்டையைத் துவைத்தார்,
பம்பரில் காயப்போட்டார்,
காய்ந்ததும் எடுத்து மாட்டிக்கொண்டார்.
முன்னால் இருந்த முதுகு அப்படியே இருந்தது.

மூன்றரைக்கு மல்லிகார்ஜுன் சார் கூப்பிட்டார்.
விஜயவாடாவிலிருந்து காலை விமானமாம்,
ஒரு மணி பத்து நிமிடமாம்.
பாரிமுனையில் கையெழுத்து, சாப்பாடு எல்லாம் முடித்து
திரும்பிப் போக மீனம்பாக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.
"எங்க இருக்கீங்க?"
"திருவொற்றியூர் சார்."
"காலைலயும் அதானே சொன்னீங்க?"
"காலைல எர்ணாவூர் சார்."
அவருக்கு ரெண்டும் ஒன்றுதான்.
மேலே இருந்து பார்த்தால் எனக்கும் ஒன்றுதான்.

அங்கிருந்து என் வீடு அறுநூறு அடி.
ஒரு சந்து, ஒரு குழாயடி, அப்புறம் வலது பக்கம்.
மாடியில் கறுப்பு டேங்க் தெரிகிறது.
வண்டியை விட்டுப் போனால்
பேட்டரி போகும், டீசல் போகும்,
பின்னால் நிற்கிறவன் முன்னால் போவான்.
டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நிரம்பி வழிந்தது.
போன் போட்டு மோட்டாரை நிறுத்தச் சொன்னேன்.

ஏழு மணிக்கு ரெஜினா தூக்குவாளியோடு புறப்பட்டாள்.
நான் சொன்ன அடையாளம் பெட்ரோல் பங்க்.
மதியத்திலிருந்து அசையாத வரிசை
அவள் வந்து சேர்வதற்குள்
நாலு வண்டி நீளம் நகர்ந்து தொலைத்தது.
பங்க் வாசலில் நின்று
போனிலும் நேரிலும் ஒரே சமயத்தில் திட்டினாள்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
கேபினில் அவள் ஏறியது அன்றைக்குத்தான்.
முந்தானையால் சீட்டைத் துடைத்தாள்,
மிளகாய் நெடிக்கு மூன்று தும்மல் போட்டாள்,
காரப்பொடிக் குழம்பைச் சோற்றில் ஊற்றினாள்.
"குண்டூர் ரொம்ப தூரமா?"
"ஒரு ராத்திரி."
"ஹார்பர்?"
முள் எடுக்கிற மாதிரி தட்டில் குனிந்துகொண்டேன்.

முன்னால் சிவப்பு விளக்கு அணைந்து
ஒரு எஞ்சின் இருமியது.
"நான் இறங்கட்டா?"
"இரு."
"கேட்டாண்ட போயிட்டா என்னா பண்றது?"
"அதுக்கு நாளைக்கு ஆவும்."
கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தாள்.
"பிளேன்ல ஜன்னல் தொறக்க முடியாதாமே?"
கியர் போட்டேன்.
மூன்று வண்டி தூரம் போனோம்.