வினையெச்சம்

மெரடினில் குழாய் முடிகிற தெருவுக்குச்
செவ்வாய்தோறும் மாதிரி எடுக்கப் போவேன்.
அதற்கப்பால் அறுத்த கோதுமைத்தாள், ரயில்பாதை, வெயில்.

கடைசி வீட்டு டோனாவுக்கு
என் வண்டியைக் கண்டதுமே புகார்:
"தேநீரில் உங்கள் குளோரின் நாறுகிறது."
சொல்லிவிடுகிறேன் என்பேன், யாரிடம் என்று சொல்லாமல்.

தண்ணீரில் விழுந்த குளோரின்
ஒரு சின்ன அமிலமாகும்.
மின்சுமை இல்லாதது,
கிருமியின் சுவருக்குள் கேட்காமல் புகும்.
அதுவே ஒரு புரோட்டானை இழந்தால் ஹைப்போகுளோரைட்.
அது எதிர்மின், சுவரும் எதிர்மின்,
வாசலில் நின்று தயங்கும்.
பி.எச். ஏழரையில் இரண்டும் பாதிக்குப் பாதி.
ஏழரை என்றால் ஊரில் எல்லோருக்கும் சனி நினைவுக்கு வரும்,
எனக்கு இது.

வெயிலில் கிடக்கிற இரும்புக் குழாயில்
துருவுக்கு ஒரு பங்கு, பாசிக்கு ஒரு பங்கு,
சூட்டுக்கு ஒரு பங்கு போக
இந்தத் தெருவுக்கு வரும்போது
லிட்டருக்குக் கால் மில்லிகிராம் மிஞ்சினால் பெரிது.
மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பாகும்.

ஜனவரி. நாற்பத்து மூன்று டிகிரி.
மாத்திரை கரைந்தது.
நீர் நீராகவே இருந்தது.
குப்பியைக் கழுவி மறுபடி.
அப்படியொரு தெளிவு, வயிற்றைப் புரட்டியது.

"அப்பாடா, சரிசெய்துவிட்டீர்களே" என்றாள் டோனா,
கையில் கோப்பையோடு.
"இன்றைக்குத்தான் தேநீர் தேநீராக இருக்கிறது."
அவள் முதுகுக்குப் பின்னால் ரீஸ், ஐந்து வயது,
ஹோஸை முகத்துக்கு நேரே பிடித்து
தண்ணீரை மூக்கில் ஏற்றிச் சீறிக்கொண்டிருந்தான்.

சூடான நீரில் பெருகும் அமீபா ஒன்று உண்டு.
குடித்தால் ஒன்றும் செய்யாது.
மூக்குதான் அதற்கு வழி.

ஓடிப்போய்க் குழாயை மூடினேன்.
பையன் அழுதான்.
டோனா சொன்னதை இங்கே எழுத முடியாது.
(அமீபா இல்லை என்றது ஆய்வகம், வெள்ளிக்கிழமை.
அதுவரை நான் தூங்கவில்லை.)

ஹைட்ரண்டைத் திறந்துவிட்டு ஐம்பது நிமிடம்.
மழை பார்க்காத மண்ணில் அத்தனை நீர்,
எங்கிருந்தோ கலா கிளிகள் வந்து குடித்தன.
பதினொன்றாவது குப்பியில்
கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற சிவப்பு.
பன்னிரண்டாவதில் ஐயமில்லை.

படிவத்தில் அதற்கு ஆங்கிலப் பெயர்.
எனக்குள் நான் சொல்லிக்கொள்வது வினையெச்சம்:
வினை நடந்தபின் மீந்திருப்பது.
எட்டாம் வகுப்பில் அது இலக்கணம்,
தனியே நிற்கத் தெரியாமல்
அடுத்த வினைக்குக் காத்திருக்கும் சொல்.
துருவைத் தின்று, பாசியைக் கொன்று,
வளைவுக்கு வளைவு கொஞ்சம் தீர்ந்து,
கடைசி வீட்டுத் தேநீரில் நாறுமளவுக்கு
மிஞ்சி