மெய்யெழுத்து

ஸ்டோர் ஜன்னலில் லூர்துநாதன் நிமிரவே இல்லை.
"அதான் ஒரு கண்ணாடி போட்டிருக்கியே, அப்புறம் என்ன?"
பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
ஒரு கோடு இழுத்தார்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை, மூன்றாம் ஷெட்,
கிரைண்டிங்.
எனக்கு மைனஸ் ஐந்தரை.
கழற்றிவிட்டால் சுற்றும் சக்கரம் சாம்பல் புகை,
என் விரல் எங்கே முடிகிறது,
இரும்பு எங்கே தொடங்குகிறது, தெரியாது.

சண்டை போட்டு வாங்கினேன், பெரிய கண்ணாடி.
என் கண்ணாடிமேல் அது உட்காராது.
காதுக்குப் பின்னால் கம்பியோடு கம்பி மோதும்.
பத்து மணிக்குள் உள்ளே ஆவி கட்டி
இட்லிக் குண்டானுக்குள் தலையை விட்ட மாதிரி.

துடைக்கக் கழற்றினேன், பெரியதை மட்டும்.
பக்கத்தில் கலிவரதன் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது.

டிக்.

பல்லி சொல்வதைவிடச் சின்னச் சத்தம்.
இடது லென்ஸில், மேலே,
கடுகில் பாதி அளவுக்கு ஒரு குழி.
கொசக்கடைத் தெருவில் கேட்டேன்,
மாற்ற ஆயிரத்து எண்ணூறாம்.
சம்பளம் வரட்டும்.

அதுவரை
வில்லியனூர் பஸ் பலகையில்
எந்த எழுத்தைப் பார்த்தாலும் தலையில் ஒரு புள்ளி.
வி, லி, யா, எல்லாமே மெய்.
மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.
நானும் சிரித்தேன்,
பிறகு இமையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை
கழற்றி ஜன்னலுக்குள் நீட்டினேன்.
லூர்துநாதன் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.
எனக்கு அவர் முகம்
வெள்ளைச் சட்டைக்கு மேல் ஒரு பழுப்புக் கறை.
ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.
என்ன எழுதினார் என்று
கண்ணாடியைத் தந்தால்தான் தெரியும்.