பத்து சென்டிமீட்டர் குளம்

சல்மாபாத்தில் ஒரு பழைய கட்டடம்.
கீழே டயர்க் கடை, மேலே பணியாளர் அறைகள்,
அதற்கும் மேலே
நாற்பது வருட வெயில்.

வரைபடம் இருக்கிறதா என்று கேட்டேன்.
கட்டியவர் இறந்துவிட்டார் என்றார் உரிமையாளர் ஹமாதா,
அதுவே பதில் என்பதுபோல.
சூரியத் தகடுகளுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.
"தாங்கும் என்று எழுதிக் கொடு, முஹந்திஸா.
ஒரு தகடு இருபத்திரண்டு கிலோதானே,
என் பேரன் அதைவிடக் கனம்."

தகடு கனமில்லை, உண்மைதான்.
ஷமால் காற்றில் அது பறந்துபோகாமலிருக்க
காலடியில் வைக்கிற கான்கிரீட் கட்டைதான் கனம்.

டம்பர் துளையிட்டு ஒரு துண்டு எடுத்தான்.
மருந்து தெளித்தேன்.
நல்ல கான்கிரீட் என்றால் ரோஜா நிறம் பூக்கும்.
மேல் மூன்று சென்டிமீட்டர் வெளிறியே கிடந்தது,
அதற்குக் கீழே, விருப்பமில்லாமல்,
சிவந்தது.
உடைந்த முகத்தில் ஒரு சிப்பி ஓடு.
கடல்மணலைக் கழுவாமல் குழைத்திருக்கிறார்கள்.
சோதனைச் சுத்தியல் முப்பத்தி நாலு என்றது,
முப்பத்தாறு என்றது,
வடமேற்கு மூலையில் மட்டும்
இருபத்தியொன்று.

சந்தேகம் வந்தால் தண்ணீரைக் கேட்க வேண்டும்.
செங்கல் வரப்பு கட்டி, பிளாஸ்டிக் விரித்து,
டேங்கர் லாரியை வரவழைத்தோம்.
பத்து சென்டிமீட்டர் தண்ணீர்,
சதுர மீட்டருக்கு நூறு கிலோ.
தகடும் கட்டையும் சேர்ந்தாலும்
அவ்வளவு வராது.

கீழறை ஆறு பேரும் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு
வராந்தாவுக்குப் போனார்கள்.
அறைக்குள், கூரையைத் தொடாமல்
இரண்டு விரல் கீழே முட்டுக்கால்கள்;
தொட்டுக்கொண்டு மூன்று டயல்கள்.

காவலாளி குல்ஜமானின் புறாக்கள்
அரைமணி நேரம் யோசித்தன.
பிறகு ஒவ்வொன்றாய் இறங்கிக் குளித்தன.
இதுகளைக் கணக்கில் சேர்க்கவா என்றான் டம்பர்.
உயிர்ச்சுமை என்றுதானே அதற்குப் பெயர்.
சேர்க்கவில்லை.

மே மாதம். வெயில்
என் சுமையைக் குடித்துக்கொண்டே இருந்தது.
மூன்று மணிக்கொரு தரம் பக்கெட்டில் ஊற்றிக்
கோட்டுக்குக் கொண்டுவந்தோம்.
ராத்திரி டார்ச்சோடு டயல் முன்னால் நான்.
மூன்று புள்ளி ஒன்பது. நாலு.
நாலு புள்ளி இரண்டு.
நாலரை மணிக்கு, காலி அறையில்
யாரோ மறந்துபோன அலாரம் அலறியது.
எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.
முள் அசையவில்லை.

விடிந்து வெகுநேரம் கழித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டோம்.
இனிமேல்தான் சோதனை.
வளைவது குற்றமில்லை, எதுவும் வளையும்.
இறக்கி வைத்தபின்
எவ்வளவு திரும்பி வருகிறது என்றுதான்
விதி கேட்கிறது. முக்கால் பங்கு போதும்.

இன்னொரு முழு நாள் காத்திருந்தேன்.
நாலு புள்ளி இரண்டில்
மூன்று புள்ளி நாலு திரும்பியிருந்தது.
தேறியது என்று எழுதினேன்,
வடமேற்கு மூலையை நீக்கி.
ஹமாதா பேரனின் சாக்லேட்டில் ஒன்று கொடுத்தார்.
உருகியிருந்தது.

ஆறு பேரும் மெத்தையோடு திரும்பினார்கள்.
ஒருவர் படுத்துக்கொண்டே கூரையைப் பார்த்து
என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார்.
தாங்கும், என்றேன்.

திரும்பாத புள்ளி எட்டு மில்லிமீட்டருக்கு
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
எண்ணை எழுதினேன்.
வேறெதற்கும் அதில் இடமில்லை.

வரப்பை உடைக்கப் போனபோது குல்ஜமான் தடுத்தான்.
ஒரு மூலையில் மட்டும் விட்டுவைக்கச் சொன்னான்,
ஒரு புறாவுக்கு ஆகும் அளவு.

வடமேற்கில் வேண்டாம், என்றேன்.