கதியால்

ஒன்றரை அடி மண்ணுக்கு
பதினொரு வருடமாய் மல்லாகம் கோட்டில் வழக்கு.
கிழக்கு வேலியை நான் தள்ளிப் போட்டதாய் அவர்.
இரவோடிரவாய் அவர்தான் கதியால் பிடுங்கினதாய் நான்.
நகுலேசன் அண்ணை.
ஒரே வயிற்றில் பிறந்தும்
என் படலை கடக்கும்போது மறுபக்கம் பார்ப்பவர்.
என் கண் மஞ்சளானதைச்
சட்டத்தரணி சொல்லித்தான் அறிந்தாராம்.

குடித்துக் கெட்ட ஈரல் இல்லை என்னுடையது.
என் உடம்பே அதைப் பிறத்தி என்று எண்ணி
உள்ளிருந்து தின்றது.
சங்கக்கடைக் கணக்குப் புத்தகத்தின் முன்
நான் பழுத்துக்கொண்டிருந்தபோது
உரும்பிராய் சொன்னது:
"உவள் ஒளிச்சுக் குடிச்சிருக்கிறாள்."

கொழும்பில் மருத்துவர் வெள்ளைத் தாளில்
ஈரலைக் கீறி நடுவால் ஒரு கோடு இழுத்தார்.
நேர்ஸ் பிள்ளை தமிழில் சொன்னாள்:
கொடுப்பவரில் இருநூறு பேருக்கு ஒருவர்
வீடு திரும்பாமல் போகலாம்.
வாங்குபவருக்கு நாடி அடைக்கலாம், பித்தம் ஒழுகலாம்,
கிருமி ஏறலாம், உடம்பு ஏற்காமல் விடலாம்.
லாம் லாம் என்று முடிந்த அத்தனை வரியையும்
காணி உறுதி வாசிப்பதுபோல
அண்ணை விரல் வைத்து வாசித்தார்.
பிறகு ஒரேயொரு கேள்வி:
"கோடு எந்தப் பக்கம் கூட விழும்?"
வலது பக்கம், அறுபது வீதம் போகும் என்றார்கள்.
"அப்ப உவளுக்குத்தான் கூட."
சிரித்தாரா தெரியாது.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் இரவு மொனிட்டர்ச் சத்தம்
வாட்டர்பம்பாய்க் கேட்டதில்
"கறண்ட் வீணாப்போகுது, நிப்பாட்டுங்கோ" என்று கத்தினேனாம்.
பக்கத்துக் கட்டிலில் வவுனியா லூர்துநாயகம்.
மகள் கொடுத்தவள்.
பதினெட்டாம் நாள் அவர் போனார்.
வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு
அவள் நடந்து வந்து பார்த்தாள்.
அவளிடம் என்ன சொல்ல?
எனக்கு அன்று சோறு இறங்கியது.
அதையும் எழுதத்தான் வேண்டும்.

இருபதாம் நாள் என் இலக்கங்கள் ஏறின.
உடம்பு கண்டுபிடித்துவிட்டது.
கண்டுபிடிக்காதா?
அண்ணையின் ஆட்டுக்குட்டியைக்கூட
வளவுக்குள் விடாத உடம்பு.
மூன்று நாள் ஊசியில் அடக்கினார்கள்.
இப்போது காலை எட்டு, இரவு எட்டு, குளிசை.
வேலியைச் சரித்து வைப்பதே அதன் வேலை.
வேலி சரிந்தால் எதுவும் வரும்.
அக்கி வந்தது. சலத்தில் கிருமி வந்தது.
சீனி வந்து குடியிருந்துவிட்டது.
நுளம்புக் காலத்தில் காலுறையோடு குந்தியிருக்கிறேன்.
கை நடுங்கி நான் எழுதும் ஏழு
ஒன்றாய்த் தெரிகிறதென்று மனேச்சர் முறைக்கிறார்.
ஒடுங்கிய பித்தக்குழாய்க்குள் குழாய் வைக்க
இரண்டு தரம் இரவு பஸ்.
மூன்றாம் தரம் இருக்காது என்று
எவரும் எழுதித் தரவில்லை.

அண்ணைக்குக் காயத்தின் வழியே குடல் தள்ளுகிறது.
பாரம் தூக்க ஏலாது.
வெங்காயத் தறையைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.
அவர் சொல்லவில்லை.
குத்தகைக்காரன் சீனி வாங்க வந்தபோது சொன்னான்.

வெட்டிய துண்டுகள் இரண்டும்
அவரவருக்குள் வளர்ந்துவிட்டன என்கிறது ஸ்கான்.
மண் அப்படி இல்லை.
ஒன்றரை அடி ஒன்றரை அடிதான்.

பதினாலாம் திகதி வழக்குத் தவணை.
அன்றைக்கே எனக்கு இரத்தமும் கொடுக்கவேண்டும்.
கதியாலுக்கு இந்தப் பக்கம் நின்று
முதலில் எதற்குப் போவது என்று கேட்டேன்,
அவரிடம் கேட்கிறேன் என்று தெரியாதமாதிரி.

கிளுவை இலைக்குள்ளால் குரல் வந்தது:
"ரத்தத்தைக் குடு.
வழக்கு எங்க ஓடப்போகுது."